கொடியாற்றின் ஏழு வளையல்கள்

முன்னொரு காலத்தில், ஆறுகளுக்குக் காது கேட்ட காலத்தில், மரகதபுரி என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டின் நடுவே கொடியாறு ஓடியது. ஓடியது என்று சொல்வதுகூடத் தப்பு, நடந்தது. பந்தலில் படரும் கொடி மாதிரி இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு என்று ஏழு வளைவு வளைந்து, போகிற வழியில் கிணறுகளுக்கெல்லாம் ஊற்றுக் கொடுத்துவிட்டு, சாவகாசமாகக் கடலுக்குப் போகும்.

அந்த நாட்டு ராஜா மகரகேது. நல்ல மனசு, அவசர புத்தி. அவரிடம் ஒரு பொன் படகு இருந்தது. கடற்காற்று வாங்க அதில்தான் போவார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் படகு திரும்பும்போது அவருக்குத் தலை சுற்றும். ஏழாவது வளைவு வருவதற்குள் காலையில் சாப்பிட்ட பணியாரமெல்லாம் ஆற்றுக்குள் போய்விடும்.

"இந்த ஆற்றை நேராக்க யாருமே இல்லையா?" என்று ஒருநாள் ராஜா கத்தினார்.

கத்தி வாய் மூடவில்லை, சபை நடுவே புகை கிளம்பியது. புகைக்குள்ளிருந்து பனைமரம் போல ஒருவன் வந்தான். அவன் பெயர் ஜலதம்பன். பெரிய மந்திரவாதி.

"நான் நேராக்குகிறேன் அரசே. கூலி எதுவும் வேண்டாம்" என்றான்.

உச்சி வெயிலில் ஊரே கரையில் கூடியது. ஜலதம்பன் ஒரு கறுப்பு நூலை எடுத்து ஆற்றின் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை இழுத்துக் கட்டினான்.

"நேரே நில்! நேரே செல்! நேரே ஓடு!" என்று மூன்று தடவை சொல்லி நூலைச் சுண்டினான்.

விண் என்று ஒரு சத்தம். கொடியாறு அம்பு மாதிரி நேராகிவிட்டது. ஊரே வாயைப் பிளந்துகொண்டு ஆற்றைப் பார்த்தது. மந்திரவாதியின் கையை யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவனுடைய வலது கை மட்டும் உலக்கை மாதிரி விறைப்பாக நீட்டிக்கொண்டே இருந்தது.

ராஜாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வளைவுகள் இருந்த ஏழு இடமும் இப்போது வெறும் மணல். அங்கே ஒரு நீராழி மாளிகை கட்டினார், ஒரு கிளி மண்டபம் கட்டினார், யானைக் கொட்டாரம் கட்டினார். இப்படி ஏழு இடத்திலும் ஏழு கட்டடம்.

அரண்மனையில் பாலம் கட்டுகிற கொத்தனார் மருதாயி. நாற்பது வயது. சாந்து பூசும் கரணையைக் கையில் எடுத்தால் கல்லே நகர்ந்து இடம் கொடுக்கும் என்பார்கள். அவள் ராஜாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மகாராஜா, ஐப்பசியில் இந்த ஆறு மூன்று மடங்கு ஆகும். முன்னே அந்தத் தண்ணீரெல்லாம் வளைவுகளில் போய்ப் படுத்திருந்து மெதுவாக எழுந்து போகும். இப்போது எங்கே போகும்?"

"அது ஆற்றின் கவலை. நீ ஒரு பாலம் கட்டு" என்றார் ராஜா.

மருதாயி பெருமூச்சு விட்டுவிட்டு மரத்தில் பாலம் கட்டினாள். ஐப்பசி வந்தது. வெள்ளம் குதிரைப் படை மாதிரி வந்து பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழத்தெரு மேல் போட்டது.

"இன்னும் கனமாகக் கட்டு!" என்றார் ராஜா.

"கனத்தில் ஒன்றும் இல்லை மகாராஜா, வேகத்தில்தான்..."

"இன்னும் கனமாக!"

மருதாயி தலையில் அடித்துக்கொண்டு செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினாள். அடுத்த ஐப்பசியில் அதுவும் விழுந்தது. கீழத்தெருவில் அவள் தங்கை செண்பகத்தின் வீடு இருந்த இடத்தில் ஓர் அம்மிக்கல் மட்டும் மிஞ்சியது. செண்பகம் மூன்று பிள்ளைகளோடு முருங்கை மரத்தில் ஏறித் தப்பித்தாள்.

"இன்னும் கனமாகக் கட்டு!"

மூன்றாவது தடவை மருதாயி கருங்கல்லை அடுக்கி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக் கட்டினாள். ஆறு கல்லைத் தொடவே இல்லை. தூண்களுக்கு அடியிலிருந்த மண்ணை மட்டும் சுரண்டிக்கொண்டு போனது. பாலம் தானாக உட்கார்ந்துவிட்டது.

மழைக்காலம் இப்படி என்றால், வெயில் காலம் அதைவிட மோசம். ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. ஜலதம்பன் அரண்மனை வாசலில் வந்து நின்றான். அவன் நீட்டிய கையிலிருந்து தண்ணீர் சொட்டும். ஒரு குடம் வேண்டுமென்றால் அவன் காலில் மூன்று தடவை விழ வேண்டும். விழுந்து விழுந்து ஊராருக்கு முழங்கால் தேய்ந்துபோனது.

"நாலாவது பாலமும் விழுந்தால் நீ சிறைக்குப் போவாய் மருதாயி" என்றார் ராஜா.

புரட்டாசி முடியப் பத்து நாள்தான் இருந்தது. மருதாயி ஒரு காலைப் பொழுதில் இடிந்த பாலத்தின் மேல் போய் உட்கார்ந்தாள். "எத்தனை தடவைதான் சொல்வது? எத்தனை தடவைதான் கட்டுவது?" என்று கரணையைத் தூக்கி ஆற்றில் எறிந்தாள்.

"ஐயோ, என் மண்டை!" என்று ஒரு குரல் கேட்டது.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நீர்நாய் தலையைத் தடவிக்கொண்டே வந்தது. வாயில் கரணை.

"உன் பாலம் விழுந்து என் வளை மூன்று தடவை நசுங்கியாயிற்று. போதாததற்குக் கரணையால் வேறு அடிக்கிறாய். உனக்கு வேறு வேலையே இல்லையா, கொத்தனாரம்மா?"

மருதாயிக்கு இருந்த எரிச்சலில் நீர்நாய் பேசுவது ஆச்சரியமாகக்கூடப் படவில்லை. "வேலையா? எனக்கா? ஆறு வளைய வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்?"

"நானும்தான் சொல்கிறேன். என்னை யார் கேட்டார்கள்?" என்றது நீர்நாய். "அன்றைக்கு எல்லாரும் ஆற்றையே பார்த்தீர்களே, ஒருவராவது அவன் கையைப் பார்த்தீர்களா? ஏழு வளைவும் சுருண்டு சுருண்டு, சிறுத்துச் சிறுத்து, ஏழு நீல வளையல்களாகி அவன் சட்டைக்கைக்குள் போய் ஏறிக்கொண்டன. நான் கண்ணால் பார்த்தேன். அவன் கொடுக்கிற தண்ணீர் நம்முடைய தண்ணீர்தான்!"

மருதாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதனால்தான் கையை மடக்காமல் இருக்கிறானா?"

"மடக்கினால் மந்திரம் முறிந்துவிடும். வளையல்களைப் பழைய இடத்தில் வைத்தால் வளைவுகளும் திரும்பிவிடும். சோறுகூட ஆள் வைத்துத்தான் ஊட்டிக்கொள்கிறான்."

மருதாயி கரையோரப் புதர்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "இந்தக் கரையில் பூனைக்காலி காய்த்திருக்கிறதா?"

பூனைக்காலி தெரியும் அல்லவா? அவரை மாதிரி காய். மேலே பொன்னிறச் சுணை. தோலில் பட்டால் போதும், அரிப்பு உயிரை வாங்கிவிடும். நீர்நாய் இடத்தைக் காட்டியது. மருதாயி கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு சுணையைச் சுரண்டி எடுத்தாள். அப்படியும் முழங்கையில் பட்டு அரை நாள் சொறிந்தாள்.

மறுநாள் சபைக்கு ஒரு பெரிய செவ்வந்தி மாலையோடு போனாள்.

"மந்திரவாதி ஐயாவுக்கு ஊர் சார்பில் ஒரு மரியாதை" என்றாள்.

புகழ்ச்சி என்றால் ஜலதம்பனுக்கு வெல்லப்பாகு. குனிந்து கழுத்தை நீட்டினான். மாலை விழுந்தது.

முதலில் தலையை ஆட்டினான். அப்புறம் எருமை மாதிரி தூணில் போய் முதுகைத் தேய்த்தான். பிறகு பொறுக்க முடியாமல், "அரசே, பிடரியில் கொஞ்சம் சொறிந்து விடுங்கள்!" என்று குனிந்து நின்று அலறினான்.

ராஜா சிங்காசனத்திலிருந்து இறங்கி வந்தார். "இங்கேயா?"

"இல்லை, மேலே!"

"இங்கேயா?"

"இல்லை, இடது பக்கம்!"

"இங்கேயா?"

"ஐயோ, இது கூடவா தெரியவில்லை!" என்று கத்திக்கொண்டே ஜலதம்பன் வலது கையைத் தூக்கி, மடக்கி, பிடரியில் வைத்துப் பரபரவென்று சொறிந்தான்.

கல்யாண வீட்டுப் பானை உடைந்தது போல ஒரு சத்தம். சட்டைக்கைக்குள்ளிருந்து ஏழு நீல வளையல்கள் கழன்று கீழே விழுந்து உருண்டன. ஜலதம்பன் பனைமர உயரத்திலிருந்து ஒரு சாதாரண ஆளாகச் சுருங்கினான். சொறிந்துகொண்டே வாசலைத் தாண்டி ஓடினான். அவனைப் பிடிக்க யாரும் போகவில்லை. எல்லார் கண்ணும் வளையல்கள் மேல் இருந்தது.

அவற்றில் ஒன்று ராஜாவின் காலடிக்கு உருண்டு போனது. அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார், பாதுகை ஏறியது. நொறுங்கிவிட்டது.

மருதாயி மிச்சம் ஆறையும் முந்தானையில் பொறுக்கிக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னாள். "ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தால் வளைவு திரும்பி வந்துவிடும். ஆனால் இடம் காலியாக இருக்க வேண்டும் மகாராஜா. உங்கள் கட்டடங்களை இடிக்க வேண்டும்."

"என் நீராழி மாளிகையையா?"

"ஆமாம்."

"கிளி மண்டபத்தையுமா?"

"ஆமாம்."

"எனக்குத் தலை சுற்றுமே மருதாயி! கரையை உயர்த்திவிட்டு, பாலத்தை மட்டும் இன்னும் கனமாக..."

அவ்வளவுதான். மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அவள் வாயிலிருந்து கொட்டியது.

"கனமாகவா? இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்! மரத்தில் கட்டினேன், செங்கல்லில் கட்டினேன், கருங்கல்லில் கட்டினேன். மலையைக் கொண்டுவந்து வைத்தாலும் அடிமண்ணைப் பறித்துவிடும். என் தங்கை பிள்ளைகளோடு மரத்தில் தொங்கினாள். உங்களுக்குத் தலை சுற்றினால் நடந்து போங்கள்! நடக்க உங்களுக்குக் கால் இருக்கிறது. ஆற்றுக்குப் போக வேறு இடம் இல்லை!"

ராஜா முகம் சிவந்தது, வெளுத்தது. வெளியே மேற்கு வானம் கறுத்து இடித்தது. ராஜா ஜன்னல் வழியே கீழத்தெருவைப் பார்த்தார். அங்கே ஜனங்கள் ஏற்கெனவே பானை சட்டிகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை, கூச்சல் போடவில்லை. பழகிப்போன மாதிரி நடந்தார்கள். அதைப் பார்த்ததும் ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்தார்.

"கடப்பாரை கொண்டு வாருங்கள். எனக்கும் ஒன்று" என்றார்.

ஊர் முழுக்கச் சேர்ந்து இடித்தது. தூறல் விழுந்த நாலாம் நாள் மருதாயி முதல் வளையலை மணலில் வைத்தாள். "உன் இடம் உனக்கே" என்று ராஜா சொன்னார். வளையல் நீலமாக விரிந்து, விரிந்து, வளைவாகிப் படுத்தது. இரண்டாவது. மூன்றாவது. ஆறாவது வளைவு விரிந்த அன்று பெருவெள்ளம் வந்தது.

வந்த வேகத்தில் முதல் வளைவில் திரும்பியது, தயங்கியது. இரண்டாவதில் அகன்றது. நாலாவதில் படுத்து மூச்சு வாங்கியது. கீழத்தெருவுக்கு வரும்போது கணுக்கால் அளவுதான் இருந்தது. செண்பகம் தன் புதுக் குடிசை வாசலில் நின்று அதில் பாத்திரம் கழுவினாள்.

"ஆறு வளைவு போதும். ஏழாவதை விட்டுவிடுவோம்" என்றார் ராஜா.

"போதாது" என்றாள் மருதாயி. ஏழாவது இடத்தில் ஆறு இன்னும் நேராகத்தான் பாய்ந்தது. அங்கே கரை தினமும் ஒரு சாண் சரிந்தது. அந்த வளையல் பொடியாகிவிட்டது, மந்திரமும் போய்விட்டது. அதனால் கோடை வந்ததும் அவளே முளை அடித்து, கயிறு கட்டி, வளைவு போக வேண்டிய வழியைக் குறித்தாள். ஊரார் மண்வெட்டியும் கூடையுமாக வந்தார்கள். மூன்று மாதம் தோண்டினார்கள். கரையில் வெட்டிவேரும் நாணலும் நீர்மருதும் நட்டார்கள். கிணறுகளில் ஊற்று திரும்பியிருந்ததால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற யார் காலிலும் விழ வேண்டியிருக்கவில்லை. ராஜாவும் கூடை சுமந்தார். சுமந்த கையோடு ஒரு கட்டளையும் போட்டார்: வளைவுகளில் இனி யாரும் ஒரு குடிசைகூடக் கட்டக் கூடாது, அது ராஜாவாகவே இருந்தாலும் சரி. மருதாயிக்குப் பல்லக்கு கொடுத்தார். அவள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாலம் கட்டும் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசி வந்தது. மருதாயி குடை பிடித்துக்கொண்டு ஏழாவது வளைவில் நின்றாள். நீர்நாயும் பக்கத்தில் நின்றது. புது வெள்ளம் வந்தது. வெட்டி வைத்த வாய்க்காலில் நுழைந்தது, பாதி வழி சொன்னபடி போனது. பிறகு என்ன தோன்றியதோ, முளைகளை விட்டு இருபது அடி தள்ளி, மெத்தென்று இருந்த மணலைப் பறித்து, தனக்கென்று ஒரு வளைவு போட்டுக்கொண்டு திரும்பியது.

"ஏய்! நான் அடித்த முளை இங்கே இருக்கிறது, நீ எங்கே போகிறாய்?" என்று மருதாயி கத்தினாள். "மூன்று மாதம் தோண்டியிருக்கிறோம்! உன்னோடு பெரிய தொல்லை!"

ஆறு திரும்பிப் பார்க்கவில்லை. நீர்நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மருதாயி முறைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். தண்ணீர் புது வளைவில் சுழலாமல், கரையை இடிக்காமல், நாணலைச் சாய்த்து நிமிர்த்திக்கொண்டு அமைதியாகப் போவதைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மழை விட்டதும் போய் முளைகளை எல்லாம் பிடுங்கினாள். இருபது அடி தள்ளி அடித்தாள். அங்கேயே நாலாவது பாலத்தைக் கட்டினாள், தண்ணீர் எத்தனை உயர்ந்தாலும் கீழே தாராளமாகப் போக இடம் விட்டு.

அந்தப் பாலம் விழவே இல்லை.