பதினொரு கதவுச் சோணாசலனார்

கால்வாய்க்கரைக் குடியிருப்பில் ஒன்பதாம் பிளாக்கின் படிக்கட்டுகளைப் பெருக்கித் துடைப்பதே சோணாசலனாருடைய திருத்தொண்டு. அதைத் திருத்தொண்டு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வேலை என்றுதான் சொன்னார். ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் வெறும் சோணாசலம். அந்தப் பதிவேட்டில் மரியாதைக்கு இடம் விட்டிருக்கவில்லை. ஆகவே 'னார்' என்பதை நாமே சேர்த்துக்கொண்டோம்.

நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களுக்கு வாரியம் ஒதுக்கிய ஒற்றையறை வீடுகள் அவை. அத்தனை வீடுகளைப் பெருக்கிய நம் அடியாருக்கு ஒரு வீடு இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மோட்டார் அறையில் ஒரு பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும் வைத்திருந்தார். மனைவி காலமாகிப் பல வருடம் ஆயிற்று, பிள்ளை இல்லை. மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. "அதனால இன்னா? நமச்சிவாயம்னு சொன்னா கேக்க வேண்டியவருக்குக் கேக்கும்" என்பார்.

விடிந்ததும் குழாயடியில் குளித்து, தெருக்கோடியில் இருக்கும் துணைவந்தீசர் கோயிலுக்குப் போவார். கொடிமரத்துக்கு அப்பால் போகமாட்டார். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவருக்கே கூச்சம், கையில் பினாயில் வாடை அடிக்கிறதே என்று. குருக்கள் வெளியே வந்து வாழையிலைத் துண்டில் திருநீறு கொடுப்பார். அதைக் கொண்டுவந்து, பிளாக்கில் தனியாக இருக்கும் பதினொரு பேருக்குக் கொடுத்த பிறகுதான் துடைப்பத்தைத் தொடுவார். கண் மங்கியவர்கள், கால் விழுந்தவர்கள், பேச்சு வராத ஒரு பெண், எதைக் கேட்டாலும் சிரிக்கும் ஒருவர் என்று, கோயிலுக்கு இறங்கிப்போக முடியாத பதினொரு பேர் அவர்கள்.

தொடக்கத்தில் அவரும் நம்மைப்போலத்தான் செய்தார். கதவு திறக்காவிட்டால் திருநீற்றைக் காகிதத்தில் மடித்துத் தாழ்ப்பாளில் செருகிவிட்டுப் போவார். இரண்டாம் மாடித் துரைக்கண்ணு வீட்டுத் தாழ்ப்பாளில் அப்படி ஒரு பொட்டலம் செருகினார். மறுநாள் அது அங்கேயே இருந்தது. அசதியாகப் படுத்திருப்பார் என்று எண்ணி இரண்டாவதை அதன் பக்கத்தில் செருகினார். மூன்றாம் நாள், மூன்றாவது பொட்டலத்தைச் செருகப் போனவருக்கு எங்கோ உறைத்தது. கதவை உடைத்தார்கள். துரைக்கண்ணு குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்து, இறந்துபோயிருந்தார்.

சோணாசலனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ரெண்டு நாளும் கதவுக்குத்தானே துண்ணூறு குடுத்தேன். ஆளுக்குக் குடுக்கலையே, சாமி!" என்று அவர் கதறியதைக் கேட்டவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் கதவுக்குக் கொடுத்துவிட்டு ஆளுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்! அன்றோடு பொட்டலம் கட்டுவதை விட்டார். இனிக் கையில்தான் கொடுப்பேன், கையைப் பார்க்காமல் படி இறங்கமாட்டேன் என்று கொடிமரத்தடியில் சத்தியம் செய்தார்.

அதற்குப் பிறகு பிளாக்கில் அவர் பெயர் விபூதி தபால்காரர். "ரிஜிஸ்டர் தபாலா, கையெழுத்துப் போடணுமா?" என்று கேலி செய்வார்கள். "பெருக்க வந்தியா, பூஜை பண்ண வந்தியா?" என்று மேற்பார்வையாளர் எரிந்து விழுவார். அடியார் அடுத்த கதவைத் தட்டுவார். நீட்டிய கையைப் பார்ப்பார். வீங்கியிருந்தால் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். நடுங்கினால், "சாப்டியா?" என்பார். முதல் மாடி காதர் பாய்க்குத் திருநீறு கிடையாது. அவருடைய கையைப் பிடித்து, "சலாம் பாய்" என்று சொல்லிவிட்டு வருவார். மரியபுஷ்பத்தம்மாளுக்கு ஒரு பூ. யார் யாருக்கு எது ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினோராவது கதவு நான்காம் மாடியில் இருந்தது. அங்கே பவுனம்மாள் இருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல். இரண்டு கண்ணிலும் புரை. ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. அச்சாபீசில் காகிதம் வெட்டும் இயந்திரம் இடக்கைப் பெருவிரலை என்றோ கொண்டுபோயிருந்தது. எழுதப்படிக்கத் தெரியாத அந்த அம்மாளுக்குக் கைநாட்டு வைக்க வலக்கை ஒன்றுதான். வீடு அவர் பெயரில் இருந்தது. அவருக்கென்று உலகத்தில் இருந்த ஒரே சொத்து அதுதான்.

அவருடைய தம்பி மகன் ஜெகதீசன் ஒருநாள் பையும் கையுமாக வந்து இறங்கினான். வந்த வாரம் இட்லியும் பாயாவும் வாங்கிவந்து ஊட்டினான். "இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா!" என்று பிளாக்கே உருகியது. இரண்டாவது வாரம் கதவு சாத்தியே இருந்தது. அவன் வெளியே போகும்போது பூட்டிக்கொண்டு போனான். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது.

சோணாசலனார் கதவைத் தட்டினார். ஜெகதீசன் பாதி திறந்து கையை நீட்டினான்.

"அத்தை தூங்குது. எங்கிட்ட குடு, நான் பூசி வுட்டுடறேன்."

"இல்ல தம்பி. அவங்க கையிலதான் குடுப்பேன்."

"ஏன், என் கை கை இல்லையா?"

"உனக்கு வேணும்னா உனக்கும் தரேன். அவங்களுது அவங்களுக்கு."

கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது. அடியார் நகரவில்லை. மேற்பார்வையாளர் கீழிருந்து திட்டத் திட்ட, முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார். சனியன் விட்டால் போதும் என்று ஜெகதீசன் கடைசியில் திறந்துவிட்டான். பவுனம்மாள் கையை நீட்டினார். மணிக்கட்டில் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. "இன்னாம்மா இது?" என்றதற்கு அந்த அம்மாள், திருநீறு கொடுத்த அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மூன்றாம் மாடிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேல்படியில் உட்கார்ந்து ஜெகதீசன் போனில் பேசினான். படி துடைக்கிறவரை யார் ஓர் ஆளாக எண்ணுகிறார்கள்! குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீசர் வூட்டுக்கே வராங்க. பேர் மாத்துற பேப்பர்ல கெழவி கைநாட்டு வெச்சதும் சாவி உனக்கு. வெள்ளிக்கிழமை அத்த எங்கனா ஒரு ஊர் பஸ்ல ஏத்தி வுட்டுட்டு வந்துடறேன். கண்ணு தெரியாது, திரும்பி வராது."

துடைப்பம் கையை விட்டு நழுவியது. அடியார் அப்படியே வாரிய அலுவலகத்துக்கு நடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேசைக்கு முன்னால் நின்று பேசினார். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விசாரணைக்கு மேடம் நேர்ல வருவாங்க பெரியவரே. அந்த நேரத்துக்கு அங்க இருந்து, இதையே அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். அடியார் நிம்மதியாகத் திரும்பினார். அவர் அங்கே போய்வந்த செய்தி அவருக்கு முன்னாலேயே ஜெகதீசனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வியாழக்கிழமை விடியற்காலை, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கோயிலுக்குக் கிளம்பியவரைக் காவலர் இருவர் வந்து அழைத்துப்போனார்கள். பவுனம்மாளின் மூக்குத்தியைத் திருடிவிட்டார் என்று ஜெகதீசன் புகார் கொடுத்திருந்தான். புகார் வந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

"ஐயா, பதினோரு வூட்டுக்கு மட்டும் போயிட்டு ஓடி வந்துடறேன். அப்புறம் எவ்ளோ நேரம் வேணும்னாலும் உக்காருறேன்" என்று கும்பிட்டார்.

"இன்ஸ்பெக்டர் வரட்டும். உக்காருய்யா."

பெஞ்சில் உட்கார்ந்தார். வேறொருவராக இருந்தால் தன் மானம் போயிற்றே என்று அழுதிருப்பார். சோணாசலனார் தன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. கால்தானே போகக்கூடாது, மனம் போனால் யார் தடுப்பது என்று எண்ணிக் கண்ணை மூடினார். மனத்துக்குள்ளேயே கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கினார். ஒன்பதாம் பிளாக்கின் படிகளை ஒவ்வொன்றாக ஏறினார்; ஏழாம் படியில் பெயர்ந்திருந்த சிமெண்டைக்கூடத் தாண்டித்தான் கால் வைத்தார். காதர் பாயின் கையைப் பிடித்தார். மரியபுஷ்பத்தம்மாளுக்குப் பூக் கொடுத்தார். ஒரு கதவையும் அவர் விடவில்லை. நான்காம் மாடிப் பூட்டைப் பார்த்தார். மனத்துக்கு ஏது பூட்டு? உள்ளே போய்ப் பவுனம்மாளின் வலக்கையில் திருநீற்றை வைத்தார். "கையை மூடிக்கம்மா. நான் வர்ற வரைக்கும் தெறக்காத" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் உதடு மட்டும் அசைந்தது. கண்ணில் நீர் வழிந்தபடி இருந்தது.

பதினோரு மணிக்கு அதிகாரி சுகந்தி அம்மையார் மூச்சு வாங்க நான்கு மாடி ஏறி வந்தார். ஜெகதீசன் காகிதத்தை விரித்து, மைப்பெட்டியைத் திறந்து வைத்தான். முதியோர் பென்ஷன் பேப்பர் என்று அத்தையிடம் சொல்லியிருந்தான். விரல் வைக்காவிட்டால் சோறு கிடையாது என்றும் சொல்லியிருந்தான். பவுனம்மாள் வலக்கையைக் கெட்டியாக மூடி மடியில் வைத்திருந்தார். பெருவிரல் உள்ளே இருந்தது.

"கையைத் தொறங்கம்மா" என்றார் அதிகாரி.

"மாட்டேன்."

"அத்தைக்குப் புத்தி சரியில்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டே ஜெகதீசன் குனிந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். எலும்பும் தோலுமாக இருந்த கை அசைந்து கொடுக்கவில்லை. அவன் முறுக்கினான். அந்த அம்மாள் வலியில் முனகினார்.

"கையை விடு!" என்றார் அதிகாரி. அந்தக் குரலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். அதிகாரி தரையில் பவுனம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏம்மா தெறக்கமாட்டேங்கறீங்க? எங்கிட்ட சொல்லுங்க."

"காலைல சோணாசலம் வந்து துண்ணூறு குடுத்தான். தான் வர்ற வரைக்கும் கையைத் தெறக்காதன்னு சொல்லிட்டுப் போனான். அவன் வரட்டும்."

"பொய்!" என்று ஜெகதீசன் கத்தினான். "அவன் விடியக்காலைலருந்து ஸ்டேஷன்ல கீறான் மேடம். நான்தான் கம்ப்ளெய்ண்ட் குட்த்தேன். வூட்டையும் வெளியில பூட்டி வெச்சிருந்தேன், எவனும் வந்திருக்க முடியாது!"

"எதுக்கு அவங்களை வெளியில பூட்டி வெச்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

அப்போது பக்கத்து வீட்டுப் பையனின் தோளைப் பிடித்து ஏறிவந்திருந்த காதர் பாய், "இன்னாமா சொல்றாரு அவரு? ஆறரை மணிக்கு வந்து எங்கையைப் பிடிச்சு சலாம் சொல்லிட்டுப் போனாரே சோணாசலம்" என்றார். மரியபுஷ்பத்தம்மாள் கொண்டையிலிருந்த பூவைத் தொட்டுக் காட்டினார். பேச்சு வராத பெண் நெற்றியைக் காட்டினாள். அதிகாரி காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். அஞ்சரை மணியிலிருந்து அந்த ஆள் பெஞ்சை விட்டு எழவே இல்லை, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. பவுனம்மாளின் மூடிய விரல்களின் இடுக்கில் வெள்ளையாகத் திருநீறு தெரிந்ததை அதிகாரி தம் கண்ணால் பார்த்தார்.

"மூக்குத்தியை நீதானேடா கழட்டினே" என்றார் பவுனம்மாள், அமைதியாக. அதற்கு மேல் அந்த அறையில் ஜெகதீசனுக்கு நிற்க இடம் இல்லை. அதிகாரி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து, மணிக்கட்டுக் காயத்தையும் பூட்டிய கதவையும் எழுதிக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார். வீடு பவுனம்மாளின் வீடாகவே நின்றது.

மதியம் அடியாரை விட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வந்தவர், நான்காம் மாடி வாசலில் கூட்டத்தைக் கண்டதும் எல்லாம் முடிந்துபோயிற்று என்று எண்ணிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"வாப்பா" என்றார் பவுனம்மாள். "இன்னும் தெறக்கலை. நீ சொன்னியே."

"அம்மா… நான் காலைல வரலியேம்மா. என்னைத்தான் உக்கார வெச்சுட்டாங்களே."

"வந்தவன் கையை நான் தடவிப் பார்த்தேன்டா. உன் கை மாதிரியே காய்ச்சுப்போய், பினாயில் வாடை அடிச்சுது."

சோணாசலனார் அப்படியே தரையில் சரிந்தார். கூசிக் கூசிக் கொடிமரத்துக்கு வெளியிலேயே நின்றவர் அவர். எந்த வாடைக்காக அவர் ஒதுங்கி நின்றாரோ அந்த வாடையைக் கையில் ஏற்றுக்கொண்டு, பெருமான் மாடிப்படி ஏறி வந்திருந்தார். "எனக்காகவா சாமி? இந்தக் கைக்காகவா?" என்று அவர் விம்மியபோது கூடியிருந்தவர்களில் ஒருவர் கண்ணும் நனையாமல் இல்லை. தபால்காரர் என்று கேலி செய்தவர்தான் முதலில் அவர் காலில் விழுந்தார்.

"எல்லாருக்கும் குடுத்தியே, உனக்கு யாருடா குடுத்தா?" என்றார் பவுனம்மாள். "கிட்ட வா."

காலையிலிருந்து மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்த அம்மாள் தடவித் தடவி அவர் நெற்றியைக் கண்டுபிடித்து, அது நிறையப் பூசினார்.

கதவுக்குக் கொடாமல் கைக்குக் கொடுத்த சோணாசலனாரின் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும்.