இடது ஆறு, வலது ஐந்து

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில் பிணங்களைக் கழுவி, எலும்புகளைக் காயவைப்பது இருளப்பன் வேலை. ஒரு நாள் எலும்புப் பெட்டி அவர் கை நழுவிக் கொட்டியது. ஆறு பேருடைய முட்டிச்சில்லுகள் வலது இடது தெரியாமல் கலந்துபோயின. ஒன்று மட்டும் தப்பியது. அது பாடம் நடத்தப் பேராசிரியர் வைத்தியலிங்கம் கையில் வைத்திருந்தது.

"இதைப் படிக்க எனக்கே பத்து வருஷம் ஆச்சு. பசங்க வர்றதுக்குள்ள பிரிச்சு வை. முடியலேன்னா வேலையை விட்டுப் போயிடு" என்றார் பேராசிரியர்.

இருளப்பன் ஒவ்வொரு சில்லையும் கண்ணில் ஒற்றி, வழவழப்பான பக்கம் கீழே இருக்க, கூர்முனை எதிரே பார்க்க மேசையில் வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"உசுரோட இருந்தப்ப எந்தக் காலோ, அந்தப் பக்கந்தான் சாயுதுங்க அய்யா. காயவைக்கையில பார்த்திருக்கேன். இடது ஆறு, வலது அஞ்சு. உங்க கையில இருக்கிறது வலதுங்க."

"இது இடது. இருபது வருஷமா இதைக் காட்டித்தான் பாடம் நடத்துறேன்."

இருளப்பன் அதை இரு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார். வாசலில் வந்து நின்ற மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சில்லு வலப்பக்கம் சாய்ந்தது.

இருளப்பன் அதை ஐந்தோடு சேர்த்து வைத்துவிட்டு, மேசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆறு பேருக்கும் இப்பத்தான் ரெண்டு காலும் சேர்ந்துச்சுங்க, அய்யா."