முறிக்காத சுட்டி

குழந்தைகளே, வீட்டில் யாரைச் "சுட்டி" என்று கூப்பிடுவார்கள்? ஓரிடத்தில் நிற்காத பிள்ளையைத்தானே? கணினி நிரல்களுக்குள்ளேயும் "பாயின்டர்" என்கிற ஒரு சுட்டி உண்டு. அது குறும்பு செய்யாது. எது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் காட்டும். அப்படி ஒரு சுட்டி ஒரு காட்டிலும் இருந்தது.

அந்தக் காட்டில் ஓடைக்கரை நெடுக வரிசையாகப் பொந்துகள். எல்லாம் ஒரே மாதிரி. எது யாருடையது என்று வாசலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பொந்துகளைப் பிரித்துக் கொடுக்கும் ஆமை, கூடவே ஒரு குச்சியும் கொடுக்கும். மருதமரத்திலிருந்து எண்ணினால் எத்தனையாவது பொந்தோ, குச்சியில் அத்தனை வெட்டு இருக்கும். அந்தக் குச்சிக்குத்தான் சுட்டி என்று பேர்.

வடிவு என்ற எலிக்கு ஒன்பதாவது பொந்து. பள்ளத்து வயலில் இருந்த அவள் நாத்தனார் காத்தாயி, அந்தச் சுட்டியைப் பார்த்து அதேபோல ஒன்று கடித்து வைத்துக்கொண்டாள்.

"என்னடி, என் வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறாயா?" என்று வடிவு கிண்டல் செய்தாள்.

"வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணி. வழி மட்டும் எனக்குப் போதும். வெள்ளம் வந்தால் பிள்ளைகளோடு நான் எங்கே ஓடுவேன்?"

சில நாளில் வடிவின் பொந்தில் ஈரம் கசிந்தது. ஆமை அவளுக்கு மேட்டுப் பக்கம் வேறு பொந்து கொடுத்தது. வடிவு பழைய சுட்டியை இரண்டாக முறித்துப் போட்டாள்.

"இதைப் பார்த்துச் செய்தது வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று ஆமை கேட்டது.

"இருந்தால் என்ன? காலிப் பொந்து யாரைக் கடிக்கப் போகிறது?"

"அது காலியாகவே கிடக்குமா?"

வடிவு அதைக் காதில் வாங்காமல் வைக்கோலை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளே ஒரு பாம்பு வந்து பொந்து கேட்டது. ஆமை ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை. ஒன்பதாவது பொந்து பாம்புக்குப் போனது.

வடிவுக்கும் அது தெரியும். "காத்தாயியிடம் சொல்ல வேண்டும்" என்றுதான் நினைத்தாள். அன்று வைக்கோல் உலர்த்தும் வேலை. பிறகு தானியம் சேர்க்கும் வேலை. அதற்குள் மழை வந்துவிட்டது.

பள்ளத்து வயல் மூழ்கியது. வாயில் குச்சியோடு, பிள்ளைகள் பின்தொடர, காத்தாயி கரையில் பொந்துகளை எண்ணிக்கொண்டு வருவதை வடிவு மேட்டிலிருந்து பார்த்தாள்.

"காத்தாயி! அங்கே போகாதே!"

மழை இரைச்சலில் அது கேட்கவில்லை. மூத்த குட்டி முந்திக்கொண்டு ஓடியது.

"அத்தை! நாங்கள் வந்துவிட்டோம்!"

உள்ளே போன குட்டி திரும்பி வரவில்லை.

வடிவு விழுந்தடித்து ஓடி, மற்றவர்களை இழுத்து வந்து தன் பொந்தில் சேர்த்தாள். காத்தாயி குச்சியின் வெட்டுகளை மூக்கால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நான் சரியாகத்தானே எண்ணினேன், அண்ணி?"

"சரியாகத்தான் எண்ணினாய், கண்ணு. அது இப்போது பாம்பின் பொந்து. நான்தான் உன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்றாள் வடிவு.

காத்தாயி குச்சியை முறித்தாள். முறித்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணி, என் சுட்டியைப் பார்த்துப் பக்கத்து வரப்புச் செல்லியும் ஒன்று கடித்து வைத்திருக்கிறாள். அவளும் பிள்ளைக்காரி. அவள் புறப்படுவதற்குள் ஓடிப்போய், அதையும் முறிக்கச் சொல்லுங்கள், அண்ணி."

நீதி: ஓர் இடத்தை விட்டுப் போகிறவர், அந்த இடத்தைக் காட்டும் சுட்டி யார் யாரிடம் இருக்கிறதோ, அத்தனையையும் முறித்துவிட்டே போக வேண்டும்.