சண்டைக்கு நடுவே ஒரு மேடை

கோயில் கொடைத் திருவிழாவன்று கீழத்தெருவும் மேலத்தெருவும் வெட்டிக்கொள்ளப் போவதை ஊர் அமைதிக் குழுவைச் சேர்ந்த மாடத்தி முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டாள். கொல்லன் பட்டறையில் தீட்டுவதற்கு அரிவாள்கள் குவிந்தன. பிள்ளைகளை வெளியூர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதறிப்போய் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"முதல்ல ஒரு மண்டை உடையட்டும், வர்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர் தர்மராஜ், மீசையை முறுக்கியபடி.

"அப்போ கொடைக்குத் தலைமை தாங்கவாவது வாங்கய்யா. ரெண்டு தெருவுக்கும் நடுவுல மேடை போடுறோம். மாலை, மைக் எல்லாம் உண்டு."

மைக் என்றதும் இன்ஸ்பெக்டர் குளிர்ந்துபோனார். கொடையன்று ஸ்டேஷன் மொத்தத்தையும் கூட்டிவந்து, பொழுது சாயும்வரை பேசினார். போலீஸைப் பார்த்தவர்கள் அரிவாளை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்து கைதட்டினார்கள்.

கடைசியில் மைக்கிலேயே கேட்டார்: "சண்டை வரும்னியே மாடத்தி, எங்கே?"

"மேடையை விட்டு இறங்கிப் பாருங்கய்யா, வந்துரும்!"

இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தது. இறங்கப்போன இன்ஸ்பெக்டர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.