அறுந்து போகாத பெல்ட்

என் மனைவி ராமாத்தாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சந்து வழியாக.

தூக்கி நிறுத்திய பானட்டுக்கும் காருக்கும் நடுவில் நான்கு விரல் அகலத்தில் சந்து இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் முன்சீட்டு, அதற்கும் பின்னால் அவள். பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். கையைத் தூக்கினாள். வா என்று கூப்பிட்டாளா, ஒன்றுமில்லை என்று சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டே நிமிஷம்" என்றேன்.

தாராபுரம் ரோடு. மத்தியானம் மூன்று மணி. சுற்றிலும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் கார் மட்டும் நின்றிருந்தது.

குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கோயில் படியிலேயே பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "படி ஏறினா மூச்சு வாங்குதுங்க மாமா" என்றாள். மூன்று மாதமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மூன்று மாதமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பாக்க நல்லாத்தானே இருக்கே."

வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு வந்தேன். இன்னும் எட்டு மைல் இருக்கும்போது இன்ஜினுக்குள் இருந்த பல் பெல்ட் அறுந்தது.

நான் மில்லில் ஃபிட்டர். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கழற்றிப் பார்த்துக் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டவன். எந்த மெஷினையும் நின்ற இடத்திலேயே ஓடவைத்துவிடுவேன் என்று பேர். அந்தப் பேரை நம்பி நாற்பது நிமிடம் இன்ஜினோடு நின்றேன்.

ஒரு பால் வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கி என்னிடம் வரவில்லை. எங்கள் காரின் பின்கதவைத் திறந்து பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

அறுந்த பெல்ட் என் சட்டைப் பையில் இருந்தது.

*

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலியைத் தேடிப் போனேன்.

கோயம்புத்தூரில் கணபதிக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். மில் மெஷின்களுக்குப் பல் பெல்ட் செய்துகொடுத்தார். என்னைவிட ஏழு வயது இளையவர். ஆனால் அவர் செய்த பெல்ட்டைக் குறை சொல்லி எங்கள் மில்லில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

"எனக்கு ஒண்ணு கத்துக்கொடுக்கணும், அம்மிணி."

"சொல்லுங்ணா."

"அறுந்து போகாத பெல்ட் எப்படிச் செய்யறது?"

உள்ளே நீராவி டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்த சிக்கந்தர் பாய் தலையைத் திருப்பினார். சிரிக்க வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நான் சட்டைப் பையிலிருந்து பெல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

ஜெயசீலி பெல்ட்டைக் கையில் எடுத்தார். அறுந்த முனையை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு ஓடுச்சுங்ணா?"

"எழுபத்தஞ்சாயிரம் கிலோமீட்டர்."

"அறுபதுலயே மாத்தச் சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாங்க. புதுசு வாங்கி வீட்ல ஆணியில மாட்டி வச்சேன். மாத்தலாம்னு மூடியைக் கழட்டிப் பாத்தேன். ஒரு பல் தேயல, ஒரு வெடிப்பு இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் பெல்ட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அறுந்து போகாததுதான வேணும்?"

"ஆமா."

"செய்யலாமுங்ணா" என்றார்.

அவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

*

ஞாயிறுதோறும் போனேன். வீட்டில் இருந்தால் சுவர்க்கடிகாரம் கேட்கும். ஷெட்டில் அது கேட்காது.

பல் பெல்ட் செய்கிற வேலை வெளியில் இருந்து உள்ளே போவதில்லை. உள்ளே இருந்து வெளியே வருவது. முதலில் ஓர் இரும்பு உருளை. அதன்மேல் வரிவரியாகப் பள்ளம். அந்தப் பள்ளம்தான் பிறகு பல்லாகும். உருளைக்கு ஒரு நைலான் துணியை உறைபோல மாட்ட வேண்டும். துணிக்குமேல் நூல் சுற்ற வேண்டும். கண்ணாடி இழையில் முறுக்கிய நூல். பாரம் முழுக்க அதுதான் தாங்கும். நூலுக்குமேல் ரப்பர் தகடு. எல்லாவற்றையும் சேர்த்து நீராவி டேங்குக்குள் இறக்கி மூடி அழுத்தம் கொடுத்தால், வெந்து வரும்போது ஒரு பெரிய குழாயாக வரும். அதை வளையம் வளையமாக அறுத்தால் பெல்ட்.

நூலுக்கு இரண்டு கண்டு. ஒன்று வலப்பக்கம் முறுக்கியது, ஒன்று இடப்பக்கம் முறுக்கியது. இரண்டும் சேர்ந்தே உருளையில் ஏறும்.

"ஒண்ணு போதாதா பாய்?" என்று கேட்டேன்.

"ஓடும். ஆனா ஒரு பக்கமாவே போயிட்டிருக்கும்" என்றார் சிக்கந்தர். "புல்லிச் சக்கரத்து ஓரத்துல உரசி உரசியே செத்துரும்."

நான் இரண்டு கண்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்தாவது ஞாயிறு ஜெயசீலி ஓர் உருளையை லேத்தில் ஏற்றிவிட்டு நகர்ந்துகொண்டார்.

"உங்க பெல்ட்டை நீங்களே சுத்துங்ணா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

நான் சுற்றினேன். அவர்கள் நூலுக்கு நூல் கொஞ்சம் இடம் விட்டுச் சுற்றுவதைப் பார்த்திருந்தேன். எனக்கு அது சிக்கனமாகப் பட்டது. நான் இடமே விடவில்லை. நூலோடு நூலை ஒட்டி ஒட்டிச் சுற்றினேன். சுற்றி முடித்து, அதற்குமேல் இன்னொரு அடுக்கும் சுற்றினேன். ஊசி முனை நுழையாது.

ஜெயசீலி பார்த்துக்கொண்டே இருந்தார். சொன்னபடி எதுவும் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோதும் நான் லேத்தை விட்டு நகரவில்லை.

"வாங்க நாச்சிமுத்து, நூல் எங்கயும் ஓடிப் போகாது" என்றார் சிக்கந்தர்.

"நீங்க சாப்பிடுங்க."

"ரெண்டு வாய் சாப்பிட்டா பெல்ட் கோவிச்சுக்குமா?"

"ரெண்டே நிமிஷம், பாய்."

சொன்ன பிறகு கை நின்றுவிட்டது. நூல் அறுந்துவிடும் என்று ஜெயசீலி எழுந்து வந்து லேத்தை அணைத்தார்.

*

டேங்கிலிருந்து எடுத்து, ஆறவைத்து, உருளையிலிருந்து உருவியபோது குழாய் கனமாக இருந்தது. பளபளவென்று இருந்தது. உள்பக்கம் விரலை விட்டுத் தடவினேன்.

பல் இல்லை.

பல் வர வேண்டிய இடத்தில் மெல்லிய வரி மட்டும் இருந்தது. கயிற்றுக் கட்டிலில் படுத்து எழுந்தால் கன்னத்தில் விழுமே, அந்த அளவு.

"மாஷா அல்லா" என்றார் சிக்கந்தர். "யானைக்கு வளையல் கேட்டாங்கன்னா குடுத்துரலாம்."

ஜெயசீலி அதில் ஒரு வளையத்தை அறுத்து எடுத்தார். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் மாட்டி மோட்டாரைப் போட்டார். புல்லி சுற்றியது. பெல்ட் அப்படியே நின்றது. புல்லி இன்னும் வேகமாகச் சுற்றியது. பெல்ட் அசையவில்லை.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அறுந்து போகாதுங்ணா" என்றார் ஜெயசீலி. அவர் கேலி செய்யவில்லை. "நீங்களும் நானும் போன பிறகும் இருக்கும்."

"பல் எங்க போச்சு?"

"ரப்பர் மேல இருக்குது. பள்ளம் கீழ இருக்குது. நடுவுல நூல். வெந்து இளகுன ரப்பர் நூலைத் தாண்டித்தான் கீழ இறங்கணும். நீங்க வழியே விடலீங்களே."

நான் வளையத்தைக் கழற்றினேன். மேலே ரப்பர் கெட்டியாகத் தேங்கிப் போயிருந்தது.

"வழி விட்டா பலம் குறையுமே, அம்மிணி."

"குறையும்."

"அப்ப அறுந்துருமே."

"அறும்."

"எப்போ?"

அவர் அறுக்கிற மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வர்ற எட்டாந்தேதி வாங்க."

"அது வேலை நாளு."

"லீவு போட்டுட்டு வாங்ணா."

சிக்கந்தர் அந்த வளையத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். பிறகு ஒருமுறை அவர் வீட்டில் பிரியாணி அண்டாவுக்கு அடியில் பிரிமணையாக அதைப் பார்த்தேன். அறுந்து போகவில்லை.

*

எட்டாம் தேதி போனேன். எதுவோ அறுந்து விழப்போகிறது, அதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஷெட் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை வளையமாக அறுக்கிற மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு பல் பெல்ட் உண்டு. சத்தமில்லாமல், ஆடாமல், தலைமுடி வாரியதுபோல ஒழுங்காக ஓடியது.

ஜெயசீலி அந்த மெஷினை நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்து மோட்டாரைத் தளர்த்தினார். பெல்ட்டைக் கழற்றினார்.

"ஓனரம்மா ஆரம்பிச்சிட்டாங்க" என்றார் சிக்கந்தர். "ஓடாத பெல்ட்டை எல்லாரும் கழட்டுவாங்க. ஓடற பெல்ட்டைக் கழட்டறது இந்த ஒரு ஷெட்லதான்."

மெஷினுக்குப் பின்னால் சுவரில் சாக்கட்டியால் ஒரு தேதி எழுதியிருந்தது. அன்றைய தேதி. எழுதி ஒரு வருடத்துக்குமேல் இருக்கும். சாக்கட்டி மங்கியிருந்தது.

ஜெயசீலி பெல்ட்டை என்னிடம் நீட்டினார்.

"பாருங்ணா."

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் தடவினேன். தேய்மானம் இல்லை. முதுகைப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. முப்பது வருடம் மெஷின் பார்த்தவன் நான். இன்னும் ஒரு வருடம் தாராளமாக ஓடும் என்று கோயிலில் சத்தியம் செய்திருப்பேன்.

"நல்லாத்தானே இருக்கு, அம்மிணி."

"ஆமாங்ணா."

"அப்புறம் ஏன் கழட்டினீங்க?"

அவர் பெல்ட்டைத் திரும்ப வாங்கினார். மேஜையில் வைத்துக் கத்தியால் குறுக்கே அறுத்தார். குறட்டால் முதுகு ரப்பரைப் பிடித்து மெதுவாக உரித்தார்.

உள்ளே நூல் இருக்க வேண்டிய இடத்தில் பாதி நூல்தான் இருந்தது. மீதி வெள்ளையாகப் பஞ்சுபோல நொறுங்கிக் கிடந்தது. ஜெயசீலி ஊதினார். கொஞ்சம் பறந்தது.

நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வெளியில கொஞ்சம்கூடத் தெரியலியே."

"தெரியாதுங்ணா."

"ஒரு சத்தமாவது..."

"வராது. இது எதையும் வாய் விட்டுச் சொல்லாதுங்ணா. அதனாலதான் நாள் குறிச்சு வச்சிருக்கேன்."

"அவ சொன்னா" என்றேன்.

ஜெயசீலி குறட்டைக் கீழே வைத்தார்.

"அவ வாய் விட்டுச் சொன்னா, அம்மிணி. மூணு மாசம் சொன்னா."

சிக்கந்தர் கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"நீங்க என்னங்ணா சொன்னீங்க?" என்று கேட்டார் ஜெயசீலி.

அந்த ஷெட்டிலேயே நின்று அதே வார்த்தையைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அவர் புதுப் பெல்ட்டை மாட்டினார். மோட்டாரை நகர்த்தி இறுக்கினார். பழைய தேதியை உள்ளங்கையால் அழித்தார். சாக்கட்டியை என்னிடம் கொடுத்தார். அடுத்து மாற்ற வேண்டிய தேதியை எழுதினேன்.

மெஷின் ஓடத் தொடங்கியது.

*

இருபத்தாறு வருடம் ஆகிறது. அந்தக் காரை அப்போதே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். அதற்காக வாங்கிய பெல்ட் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. உறைமேல் நூற்று இருபத்தொன்பது பல் என்று போட்டிருக்கிறது. உறையைப் பிரிக்கவில்லை.