தியேட்டர் வாசல் கருத்துக்கணிப்பு

தூத்துக்குடியில் இருந்த ஒரு சின்ன வானொலி நிலையத்தில், விடியற்காலையில் மீனவர்களுக்குக் காற்று நிலவரம் சொல்லிவந்தாள் ஜெசிந்தா. புதிதாக வந்த மேலாளர் சந்திரசூடன் ஒருநாள் முதலாளி முன்னால் மேஜையைத் தட்டினார்.

“கருத்துக்கணிப்பு எடுத்தாச்சு சார்! கேட்ட அத்தனை பேரும் சினிமாப் பாட்டுதான் வேணும்னுட்டாங்க. இனிமே முழுநேரமும் பாட்டுதான். காற்று நிலவரமும் வேண்டாம், இந்தப் பொண்ணும் வேண்டாம்!”

ஜெசிந்தாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து கேட்டாள்.

“எங்க வச்சுக் கேட்டீங்க சார்?”

“சினிமா தியேட்டர் வாசல்ல. என்னா கூட்டம் தெரியுமா!”

“நானும் கேட்டுப் பார்த்தேன் சார். மத்தியானம் நம்ம கேன்டீன் வாசல்ல நின்னேன். வந்த அத்தனை பேரும் சோறுதான் வேணும்னாங்க. நிலையத்தை மூடிட்டு ஓட்டல் தொறந்துருவோமா?”

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “சந்திரசூடன், நாளைக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் நீங்களே கேட்டுட்டு வாங்க.”

மறுநாள் விடியலில், படகுகள் கிளம்பும் நேரத்துக்குச் சந்திரசூடன் அங்கே போய் நின்றார். ஒரு ரேடியோவைச் சுற்றி ஆட்கள் குனிந்து நின்றார்கள்.

“அய்யா, உங்களுக்குப் பாட்டு வேணுமா, இல்ல…” என்று ஆரம்பித்தார்.

“ஏய், சும்மா இரும்யா!” என்று அதட்டினார் ஒரு படகுக்காரர். “அந்தப் பிள்ள காத்து சொல்லுதுல்லா!”

கொஞ்ச நேரத்தில் முதலாளியிடமிருந்து போன் வந்தது. “என்ன சொல்றாங்க?”

சந்திரசூடன் குரலைத் தாழ்த்தினார். “கேள்வியே கேக்க விடமாட்டேங்கிறாங்க சார். அந்த நிகழ்ச்சி அப்படியே இருக்கட்டும்.”