அழித்த வரிகள்

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு நாற்பத்தொன்று. பல்கலைக்கழகத்தில் இப்படி நடப்பதுண்டு.

அருளப்பன் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர். பகுதிநேர ஆய்வு மாணவராகப் பதிந்து ஆறு வருடம் ஓடிவிட்டது. முதல் நெறியாளர் ஓய்வு பெற்றுப் போக, இரண்டு மாதத்துக்கு முன்புதான் பேராசிரியர் செண்பகவல்லியிடம் வந்து சேர்ந்தார். மாதக் கடைசிக்குள் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்.

அன்று அவர் கொண்டு வந்தது சுருக்கம் இல்லை, விலகல் கடிதம்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம். கல்லுல நார் உரிச்சது போதும்."

செண்பகவல்லி கடிதத்தைப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"எது சார் ஒத்து வரலை?"

"கடுங்குளிர்ல வச்ச படிகம் மேடம், மூணு தடிமன்ல. ஒரு முகத்துல சின்னதா சூடு கொடுக்காங்க, எதிர்முகத்துல அளக்காங்க. என் சமன்பாட்டுப்படி சூடு மெல்ல மெல்லக் கசிஞ்சு ஏறணும். அளந்ததுல பாத்தா திடீர்னு ஒரு முகடு எழும்புது. மாறிலியை எப்படி மாத்தினாலும் பொருந்த மாட்டேங்குது."

"எந்தச் சமன்பாடு?"

"எல்லாரும் போடுறதுதான். இந்த முனையில சூடு வச்ச அந்தக் கணமே அந்த முனையிலயும் இம்மியாவது ஏறியிருக்கும்."

பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. முப்பது வருடமாகக் கரும்பலகையில் அதையே எழுதி வந்தவர் அருளப்பன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மடிக்கணினியில் சம கால இடைவெளிக்கு ஒரு வரியாக இருந்த அளவுகளைச் செண்பகவல்லி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் முதல் வரியிலயே சூடு ஏறுதே. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி வெறும் சுழியம்தான். கருவி முழிச்சுக்க நேரம் எடுத்திருக்கும்னு அழிச்சிட்டேன்." சொல்லிவிட்டு நோட்டை எடுத்தார். "எதுல எத்தனை வரி அழிச்சேன்னு குறிச்சு வச்சிருக்கேன்."

கணக்கு வாத்தியார் அல்லவா, குப்பையைக்கூட எண்ணிவிட்டுத்தான் கொட்டுவார்.

செண்பகவல்லி விலகல் கடிதத்தைத் திருப்பிப் போட்டார். அதன் பின்பக்கம் படுக்கையாக ஒரு கோடு, நெட்டாக ஒரு கோடு கிழித்தார். பென்சிலை அவர் பக்கம் தள்ளினார்.

"கீழ படிகத்தோட தடிமன். மேல நீங்க அழிச்ச வரிகள். புள்ளி வைங்க சார்."

வேலை மெனக்கெட்ட வேலை என்று அருளப்பனுக்குத் தோன்றியது. கடிதமும் வீணாய்ப் போயிற்று. இருந்தாலும் வைத்தார். நான்கு மில்லிமீட்டருக்கு இருபத்தொன்று. எட்டுக்கு நாற்பத்தொன்று. பன்னிரண்டுக்கு அறுபத்திரண்டு.

மூன்றாவது புள்ளியில் கை தயங்கியது. அவராகவே ஸ்கேலைத் தேடி எடுத்து வைத்துக் கோடு இழுத்தார். அது நேராகப் போய்ச் சுழியத்தில் முட்டியது.

"கருவி தாமதிச்சிருந்தா?" என்றார் செண்பகவல்லி.

"எல்லாப் படிகத்துக்கும் ஒரே அளவு தாமதிச்சிருக்கணும்."

"சூடு கசிஞ்சு வந்திருந்தா?"

"தடிமன் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்காகணும்."

"இங்க?"

"ரெண்டுக்கு ரெண்டுதான் ஆகுது. ஒரே வேகத்துல வருது மேடம். அலையா வருது."

அலைக்கு உரிய உறுப்பு அவருக்குத் தெரியாததல்ல. சமன்பாட்டில் அந்த ஒன்றைச் சேர்த்து எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தபோது முகடு எழ வேண்டிய இடத்தில் எழுந்தது. சந்தோஷம் வந்தது, அதன் பின்னாலேயே தன் மேல் ஆத்திரமும் வந்தது.

"ஆறு வருஷம் மேடம். ஒண்ணுமே நடக்கலையே."

செண்பகவல்லி முதல் புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"இந்த இருபத்தோரு வரியைப் பத்தியும் நீங்க அப்படித்தான் சார் நினைச்சீங்க."